பிரகாசி போயிட்டு வந்த கதை

வேலை பெர்மிட் மாறிய அன்றைக்குப் பிரகாசி, சிங்கப்பூர் டெக்கா சந்தைக்குப் பின்தெருவில் இருந்த புது முதலாளியம்மா வீட்டு வாசலில் நின்று, நெற்றியில் சிலுவை வரைந்து, "மாதாவே, கூட வாம்மா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். அந்தக் கால், தீவின் அந்தக் கோடியில் ஈசூனில் இருந்த பழைய முதலாளி வீட்டு அடுப்படியில் போய் ஊன்றியது. இடது காலும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. தோளில் தொங்கிய பை, கையில் மடக்கின குடை, பைக்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த மாதா படம் எல்லாம் அவளோடேயே வந்திருந்தன. அடுப்பில் யாரோ வைத்துவிட்டு மறந்த பால் பொங்கி வழியப் பார்த்தது. கைப்பழக்கத்தில் அடுப்பை அணைத்தாள்.

கூடத்துச் சோபாவில் போன் பார்த்துக்கொண்டிருந்த ஹேமலதா மேடம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"வந்துட்டியா? அப்படியே அந்த வெங்காயத்தை உரிச்சு வை."

பிரகாசி பையைக் கீழே வைத்துவிட்டு வெங்காயத்தை உரித்தாள்.

அவள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர், உவரிக்குப் பக்கத்துக் கடற்கரை. புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. மகன் குடும்பத்தோடு திருப்பூரில் இருக்கிறான், மகள் நாகர்கோவிலில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள், அந்தப் படிப்பு முடிகிறவரைக்கும் சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்ப்போம் என்று வந்தவள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்து மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தோடு கூடுகிற வீட்டு வேலைப் பெண்களான எங்களில் அவளும் ஒருத்தி. ஆனால் அவள் வந்த ஞாயிறுகளைவிட வராத ஞாயிறுகளே அதிகம், ஏனென்றால் ஹேமலதா மேடம் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது ஞாயிற்றுக்கிழமைதான்.

விருந்தாளி என்றால் அந்த மேடத்துக்கு உயிர். அழைப்பு மணி அடித்ததும் கதவைத் திறந்து, "வாங்க, வாங்க, உட்காருங்க, என்ன சாப்பிடுறீங்க?" என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்பார். "வந்தவங்களை வாயாரக் கூப்பிடணும், எங்க அம்மா அப்படித்தான் வளர்த்தாங்க" என்று பெருமையாகவும் சொல்வார். கூப்பிடுவது மேடத்தின் வாய். காபி போடுவது பிரகாசியின் கை. பார்சல் கொண்டுவருகிறவருக்கும் 'வாங்க' உண்டு, தண்ணீர்க் குழாய் பார்க்க வருகிறவருக்கும் 'வாங்க' உண்டு. பிரகாசிக்கு மட்டும் 'இந்தா'. "இந்தா, தட்டு எடு. இந்தா, தரை துடை." பேர் என்று ஒன்று அவளுக்கு இருப்பது பெர்மிட் அட்டைக்குத்தான் தெரியும்.

ஒருநாள் அவள் துணிந்து, "மேடம், ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகணும்" என்று கேட்டபோது, "செவ்வாய்க்கிழமை லீவு குடுத்தேன்ல, அன்னைக்குப் போய்க் கும்பிடு. சாமி செவ்வாய்க்கிழமை ஊருக்கா போயிருவாரு?" என்றார் மேடம்.

அடிக்கிற முதலாளி இல்லை, பட்டினி போடுகிற முதலாளியும் இல்லை. ஆனால் ஒரு மனுஷிக்கு வாரத்தில் ஒரு நாள் தன் நாளாக வேண்டாமா? ஆண்டவரே உலகத்தைப் படைத்துவிட்டு ஒரு நாள் உட்கார்ந்தார் என்றுதான் வேதத்தில் இருக்கிறது.

ரோஸ்லின் டீச்சர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர். சக்கர நாற்காலியில் இருக்கிற தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். பிரகாசியோடு போனில் பேசி, "ஞாயிறு உங்க நாள். எங்ககூடவே பூசைக்கு வரலாம், தனியாவும் போகலாம், தூங்கவும் செய்யலாம், உங்க இஷ்டம்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுப் பிரகாசி குளியலறைக்குள் போய் அழுதிருக்கிறாள்.

பெர்மிட்டில் இருக்கிறவர்கள் நினைத்த மாத்திரத்தில் வீடு மாறிவிட முடியாது. பழைய முதலாளி சம்மதித்து விட்டால்தான் புது முதலாளி பேருக்கு மாற்ற முடியும். விடவில்லை என்றால் விமான டிக்கெட்தான், ஊருக்குத்தான். நாங்கள் அந்தோணியாருக்கு நவநாள் செபம் சொன்னோம், ஏஜெண்ட் இந்திராணியம்மா ஈசூனுக்குப் போய்ப் பேசினார், நாங்கள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை, மேடம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். "போறவங்களைப் பிடிச்சு வைக்கிற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது" என்றார். புது அட்டையும் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த பிரகாசி, நாம் எல்லாரும் சொல்கிறதைத்தான் சொன்னாள்.

"போயிட்டு வாரேன் மேடம்."

மேடம் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

அன்றைக்குச் சாயங்காலம் செய்தி கேட்டு இந்திராணியம்மா ஈசூனுக்கு ஓடிவந்தார். அவருக்கு ஆச்சரியமெல்லாம் இல்லை, பயம்தான் இருந்தது. "ஏம்மா, எப்படி வந்தேங்கிறது உங்க சாமிக்கும் உனக்கும் உள்ளது. ஆனா பெர்மிட் இப்ப டீச்சர் பேர்ல இருக்கு. இந்த வீட்டுல நீ ஒரு வெங்காயத்தைத் தொட்டாலும் அது சட்டப்படி குத்தம். யாராவது பார்த்தா உனக்கும் கேடு, மேடத்துக்கும் கேடு." அன்றிலிருந்து பிரகாசி அந்த அடுப்படியில் வந்து இறங்குகிறபோதெல்லாம் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, பூசையில் நன்மை வாங்கப் போகிறவள் மாதிரி, எதிலும் இடிக்காமல் நடந்து வெளியே போனாள். பால் பொங்கினாலும் சரி, குழாய் ஒழுகினாலும் சரி.

"அப்ப எதுக்கு வந்து நிக்குறே?" என்று எரிந்து விழுவார் மேடம்.

"நானா வரல மேடம். காலு வருது."

தங்குவதற்கு இந்திராணியம்மா தன் வீட்டில் இடம் கொடுத்தார். அந்த வாசற்படி அவளை ஒன்றும் செய்யவில்லை. கோயில் படி, கடைப் படி, பஸ் படி எதுவும் ஒன்றும் செய்யவில்லை. உலகத்தில் அவள் போக விரும்பிய அந்த ஒரே வாசல்தான் அவளைத் திருப்பி அனுப்பியது. பின்பக்கமாக நடந்து உள்ளே போய்ப் பார்த்தாள். முதுகு போய் ஈசூன் குளிர்சாதனப் பெட்டியில் இடித்தது. கண்ணை மூடிக்கொண்டு போனாள். கண்ணைத் திறந்தால் மேடம் வீட்டு மிக்ஸி. ஒருநாள் ரோஸ்லின் டீச்சர், "நான் உள்ளே இருந்து இழுக்கிறேன், வாங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். அடுத்த நொடி டீச்சரும் வீட்டுச் செருப்போடு ஈசூன் அடுப்படியில் நின்றார்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ஹேமலதா மேடம், முன்பின் தெரியாத ஒரு பெண்மணியைக் கண்டதும் சட்டென்று முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க! உட்காருங்க! என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பழக்கத்தில் பிரகாசியைத் திரும்பிப் பார்த்தார். பிரகாசி கட்டின கையை அவிழ்க்கவில்லை. கடைசியில் டீச்சருக்கு டப்பாவில் அடைத்த பழச்சாறுதான் கிடைத்தது. அதைக் குடித்துவிட்டு அவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார், வீட்டுச் செருப்போடு.

பிரகாசியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவர்களும் கூடவே வந்துவிடுவார்கள் என்பது இப்படித்தான் வெளியே தெரிந்தது, தெரிந்ததோடு கெட்டது.

ஈசூன் அடுக்குமாடி பிளாக்கில் இருக்கிற அத்தனை பெண்களும் மீனுக்கும் கறிவேப்பிலைக்கும் டெக்காவுக்குத்தான் போகிறவர்கள். போவது சுலபம், மீனும் தேங்காயும் தர்ப்பூசணியுமாகத் தூக்கிக்கொண்டு திரும்புவதுதான் பாடு. முதலில் மேல்மாடி கதீஜா அம்மா டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தார், ஒரு பை இறால் மீனோடு. "பிரகாசி, நீ எப்படியும் அங்கதான் போய் விழப்போறே. முந்தானையை ஒரு ஓரமாப் பிடிச்சுக்கட்டுமா?" பிரகாசிக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அடுத்த நாள் கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டி ஒரு முழுத் தர்ப்பூசணியோடு வந்தார். அதற்கடுத்து வந்தவர்களை எண்ண முடியவில்லை. டீச்சர் வீட்டுப் படியில் டிஷ்யூ பாக்கெட்டுகளை வரிசையாக வைத்து, சாப்பாட்டுக் கடையில் மேசை பிடிப்பது மாதிரி, இடம் பிடித்தார்கள். "நான் ரெண்டாவது பாக்கெட்டு, நீ எங்க குறுக்க வர்றே?" என்று சண்டை வந்தது. மழைக்கு ஒதுங்க யாரோ ஒரு பெரிய குடையை நட்டார்கள். இத்தனைக்கும் ஒருத்தர் முகத்திலும் அதிசயம் இல்லை. லிப்ட் பழுதானால்தான் லிப்ட் என்று ஒன்று இருக்கிறதே என்று நினைக்கிறோம். அந்த மாதிரி ஆகிவிட்டாள் பிரகாசி.

பிளாக் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து, "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நேரம் குறிச்சுப் போட்டுட்டா எல்லாருக்கும் வசதியா இருக்கும்" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். மேடம் வீட்டுக்காரர், வாய் திறந்து பேசாத நல்ல மனுஷன், அவரும் ஒருநாள் ஆபீஸ் பையோடு வரிசையில் நின்றார். ஹேமலதா மேடமே ஒருநாள் இரண்டு கையிலும் பைகளோடு வந்து, யாரையும் பார்க்காமல், பிரகாசியின் குடை நுனியைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டு அடுப்படியில் இறங்கியதும், "பஸ்ஸுக்கு இது பரவாயில்ல" என்றார்.

முந்தானை கசங்கியது. ஓரம் கிழிந்தது. பிரகாசி இரவல் ஊசி வாங்கித் தைத்துக்கொண்டாள். ஊர் முழுக்க வீடு போய்ச் சேர்ந்தது. அவள் ஒருத்திதான் போய்ச் சேரவில்லை.

டீச்சர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஒருநாள் வாசற்படியில் பிரகாசியின் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னார். "இன்னும் பத்து நாள்ல, திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது பிரகாசி. அப்பாவைத் தனியா விட்டுட்டு நான் போக முடியாது. அதுக்குள்ள உங்களால உள்ளே வர முடியலன்னா நான் வேற ஆள் எடுக்கணும், உங்க பெர்மிட்டைத் திருப்பிக் குடுக்கணும். வேற வழி இருந்தா சொல்லுங்க."

வேறு வழி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். பெர்மிட் போனால் ஊர். ஊருக்குப் போனால் மகளின் கடைசி வருஷம் நடுவில் நின்றுபோகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் பேச்சு சூடாக நடந்தது. இந்திராணியம்மாவும் வந்திருந்தார். அவர்தான் கேட்டார்.

"கிளம்பும்போது அந்த மேடத்துக்கிட்ட நீ என்ன சொன்னே? வார்த்தை மாறாம சொல்லு."

"என்ன சொல்லுவேன்? போயிட்டு வாரேன்னு சொன்னேன்."

"பாத்தியா! வாரேன் வாரேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்தா, கால் வராம என்ன செய்யும்? நேரே போய் நின்னு 'போறேன்'னு சொல்லு. தீர்ந்துது கதை."

சுற்றி உட்கார்ந்திருந்த எங்களில் பாதிப் பேர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டோம். நம்மில் யார் அந்த வார்த்தையைச் சொல்வார்கள்? கடைக்குப் போகிறவள் போயிட்டு வாரேன் என்பாள், கட்டிக்கொடுத்துப் போகிறவள் போயிட்டு வாரேன் என்பாள், சண்டை போட்டுக்கொண்டு போகிறவளும் படியிறங்குகையில் வாரேன் என்றுதான் முனகுவாள். பிரகாசி சோற்றுப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவுக ஒரு தடவை அப்படிச் சொன்னாக இந்திராணியக்கா. வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஏதோ அவசரத்துல, 'போறேன்ளா'ன்னு சொல்லிட்டு இறங்கினாக. நான் கரையில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான், பெறவு கடலு அவுகளைத் திருப்பித் தரல. அந்த வார்த்தையை நான் எந்த வீட்டு வாசல்ல வச்சும் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுல நான் சோறு பொங்கியிருக்கேன். பொங்கின வீட்டுக்கு ஒரு கெடுதல் வந்து அதுல எனக்கு ஞாயித்துக்கிழமை கிடைக்கணுமா? வேண்டாம். ஊருக்கே போயிருதேன்."

"போயிருதேன்னு சொல்லாத!" என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அந்தக் கவலைக்கு நடுவில் எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலம் அவள் மறுபடி டீச்சர் வீட்டுப் படியில் கால் வைத்து, மறுபடி ஈசூனில் இறங்கி, முந்தானையைப் பிடித்து வந்த கூட்டம் "தேங்க்ஸ் பிரகாசி, தேங்க்ஸ் பிரகாசி" என்று கலைந்ததும், கையைக் கட்டிக்கொண்டு வெளியே நடைபாதைக்கு வந்தாள். அடுத்த வீட்டில் வேலை செய்கிற மரிசெல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, இவளிடமே அரைகுறைத் தமிழ் கற்றவள், வாய் சும்மா இருக்காது.

"பிரகாசி அக்கா, நீ வந்து, வந்து, வந்து. யாரும் உன்னை 'வாங்க' சொல்லல?"

"என்னது?"

"உன் மேடம் எல்லாருக்கும் வாங்க சொல்லு. பார்சல் அண்ணன் வாங்க. தண்ணி அண்ணன் வாங்க. டீச்சர் வாங்க. உனக்கு 'வந்துட்டியா'. அது வாங்க இல்ல. நீ வந்தது கணக்குல வரல, அதான் திரும்பத் திரும்ப வந்து." துணி மாட்டும் கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு சொன்னாள், ஏதோ துணி சுருங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரி.

பிரகாசி திரும்பி மேடம் வீட்டு வாசலைப் பார்த்தாள்.

நியாயம்தானே? வருகிறேன் என்று சொன்ன வார்த்தை வந்து வந்து நிற்கிறது. வா என்று ஒரு சொல் கிடைக்காமல் எந்த வருகை வருகையாகும்? இத்தனை நாளும் அவள் வந்து விழுந்தாளே தவிர, வரவே இல்லை. அடுப்படி வழியாக வந்து இறங்குகிற வேலைக்காரியை யார் வாங்க என்பார்கள்? வாசல் வழியாக வரவேண்டும். மணி அடிக்க வேண்டும். அந்த வீட்டு மணியை அவள் துடைத்திருக்கிறாள், ஒருநாளும் அடித்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் ஸ்கூல் திறக்கிற திங்கள். காலைப் பூசையில் பிரகாசி முழந்தாளில் நின்று என்ன கேட்டாள் என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்டது தெரியும். பூசை முடிந்ததும் இந்திராணியம்மா வீட்டுக்குப் போய், மகள் அனுப்பி இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டாள். எங்களில் ஒருத்தி தலை வாரிவிட்டாள், ஒருத்தி மல்லிகை வைத்துவிட்டாள், ஒருத்தி தன் கம்மலைக் கழற்றிப் போட்டுவிட்டாள். விருந்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே, டெக்காவில் ஆரஞ்சுப் பழம் வாங்கி ஒரு நல்ல பையில் போட்டோம். டீச்சர் வீட்டுப் படியில் கால் வைத்திருந்தால் அந்த நொடியே ஈசூன், அவள் வைக்கவில்லை. பஸ் ஏறினாள். தன் காசில், தன் காலில், தன் விருப்பத்தில், ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று போகிற பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு போனாள். அவளோடு செபமாலை சொல்லிக்கொண்டு இரண்டு பேர் போனோம்.

நடைபாதையில் மரிசெல் வாளியும் துடைப்பமுமாக நின்றாள், சுத்தமாக இருந்த தரையையே திரும்பத் திரும்பத் துடைத்தபடி. கதீஜா அம்மா மேல்மாடிக் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

பிரகாசி மணியை அடித்தாள்.

உள்ளே செருப்புச் சத்தம். கதவு திறந்தது. ஹேமலதா மேடம் பார்த்தார்: பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் பழப் பை, முகத்தில் சிரிப்பு, வாசலில் ஒரு பெண்மணி. ஞாயிற்றுக்கிழமை. மணி அடித்திருக்கிறது. அவர் அம்மா வளர்த்த வளர்ப்பு அவருக்கு முன்னாலேயே ஓடிவந்து வாயில் நின்றுகொண்டது.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க! உட்காருங்க, என்ன சாப்பிடுறீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் முகம் தெரிந்தது. மேடத்தின் கை கதவிலேயே நின்றுவிட்டது. சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்க வழி இருந்தால் எடுத்திருப்பார். நடைபாதையில் மரிசெல் வாளியைக் கீழே போட்டாள்.

"வாரேன் மேடம்" என்றாள் பிரகாசி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வாசல் வழியாக, கூடத்துக்குள் நடந்து போய், தான் இத்தனை வருஷம் தூசி தட்டிய, ஒருநாளும் உட்காராத சோபாவில் உட்கார்ந்தாள். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்து மடியில் கிடந்தது. "காபி இருந்தாக் குடுங்க."

மேடம் கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு அடுப்படிக்குள் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒரு மூடி விழுந்தது. பிறகு அங்கிருந்தே தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது.

"காபித்தூள் எங்க இருக்கு?"

"மேல் தட்டு மேடம். ரவை டப்பாவுக்குப் பின்னால."

"சீனி?"

"கைக்கு நேரா. எறும்பு வருதுன்னு தண்ணித் தட்டுல வச்சிருக்கேன்."

"பாலு எப்ப பொங்கும்?"

"பாத்துக்கிட்டே நில்லுங்க மேடம். திரும்பினாத்தான் பொங்கும்."

மேடம் காபி கொண்டுவந்து வைத்தார். தட்டில் பாதி சிந்தியிருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிரகாசி குடித்தாள். பாவம், அது காபியே இல்லை, தூளும் வெந்நீரும் ஒன்றோடொன்று பேசாமல் கிடந்தன. அவள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"சூடா இருக்கு மேடம்" என்றாள் பிரகாசி. பொய் சொல்ல மாட்டாள்.

மேடம் சிரிக்கப் போனார், கண் கலங்கிவிட்டது. "எங்க அம்மா போன பிறகு நான் அடுப்பு பத்த வச்சதே இல்ல. நீ திரும்பத் திரும்ப வந்து நின்னப்ப, உள்ளுக்குள்ள எனக்கு ஒரு தைரியமா இருந்துச்சு. வேலை செய்யலன்னாலும் வீட்டுல ஆள் இருக்கேன்னு." கொஞ்சம் நிறுத்தி, "வாங்கன்னு ஒரு தடவைகூடச் சொல்லலைல்ல நான்?" என்றார்.

"இப்பச் சொல்லிட்டீகளே. அது போதும்."

பிரகாசி ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலுக்கு வந்தாள். செருப்பைப் போட்டாள். நாங்கள் நடைபாதையில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் அதே வார்த்தையைத்தான் சொன்னாள், ஒரு எழுத்துக் குறைக்காமல்.

"போயிட்டு வாரேன் மேடம்."

ஹேமலதா மேடம் கதவுக்கு வெளியே வந்து நின்றார். கையில் போன் இல்லை.

"போயிட்டு வாங்க, பிரகாசி."

லிப்ட் நேராகக் கீழே இறங்கியது. பஸ் நேராகப் போனது. வழியில் இந்திராணியம்மா வீட்டில் இருந்த அவளுடைய பையை எடுத்துக்கொண்டோம்.

டீச்சர் வீட்டுத் தெருவில் வழக்கம்போல வரிசை நின்றது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கேட்கவா வேண்டும்? படியில் டிஷ்யூ பாக்கெட்டுகள், குடைக்கடியில் பைகள். எங்களுக்கு முன்னால் எப்படியோ வந்து சேர்ந்திருந்த கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டி தர்ப்பூசணியை இடுப்பில் வைத்திருந்தார். பிளாக் கமிட்டிக்காரரும் ஒரு மூட்டை அரிசியோடு நின்றார். பட்டுப் புடவையில் வந்தவளைப் பார்த்து, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே ஆளாளுக்கு முந்தானையைப் பிடித்தார்கள். பிரகாசி அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நம்பவா போகிறார்கள்?

நெற்றியில் சிலுவை வரைந்தாள். வலது காலை எடுத்து வைத்தாள்.

கால், டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஊன்றியது.

பின்னாலேயே தர்ப்பூசணி வந்தது, மீன் பை வந்தது, அரிசி மூட்டை வந்தது, ஈசூன் பிளாக்கே ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்து நின்று, தன் வீட்டு லிப்டைத் தேடித் திருதிருவென்று விழித்தது. "இது எந்த இடம்?" என்றார் சீன ஆண்ட்டி. "ஐயோ, என் மீனு!" என்றது ஒரு குரல். அவர்களுக்கு இதுவரைக்கும் வராத ஆச்சரியமெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது: ஒரு பெண் ஒரு வாசலைத் தாண்டி, தாண்டின வாசலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்!

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்த டீச்சரின் அப்பா, கூடம் நிறைய ஆட்களைக் கண்டதும் நடுங்குகிற இரண்டு கையையும் தூக்கினார்.

"வாங்க வாங்க, எல்லாரும் வாங்க! ரோஸ்லின், யாரெல்லாம் வந்திருக்காங்க பாரு!"

டீச்சர் ஓடிவந்து, பிரகாசியைப் பார்த்து, அவள் காலைப் பார்த்து, அவள் கால் நிற்கிற தன் வீட்டுத் தரையைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நாங்கள் வாசலில் நின்று, "மாதாவே வாழ்க" என்று சொன்னது சந்தைவரைக்கும் கேட்டிருக்கும். ஈசூன்காரர்கள் பஸ் நிறுத்தத்துக்கு மூட்டை தூக்கிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். போகும்போது ஒவ்வொருத்தரும் திரும்பி நின்று அவரவர் பாஷையில் அவளுக்கு ஒன்று சொன்னார்கள், எல்லாம் வாழ்த்துத்தான்.

கூடம் காலியானதும் பிரகாசி பையிலிருந்து மாதா படத்தை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். அடுப்படி எந்தப் பக்கம் என்று கண்ணால் தேடினாள்.

"டீச்சர், ராத்திரிக்கு என்ன செய்யட்டும்? உரிக்க வெங்காயம் இருக்கா?"

ரோஸ்லின் டீச்சர் அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இருக்கு. நாளைக்கு உரிக்கலாம். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."